55.42

ஆவடிப் பக்கம் நடந்த ஒரு சோனல் மீட்டில் என் மகள் 200 மீட்டரில் நான்காவதாக வந்தாள். மூன்றாவதாக வந்த பெண்ணுக்கும் இவளுக்கும் நடுவில் ஒரு சாண்கூட இருக்காது. எட்டாம் வகுப்பு. அழவில்லை, ஆனால் அம்பத்தூர் வந்து சேரும் வரை ஒரு வார்த்தை பேசவில்லை. அங்கே நின்றிருந்த ஒரு பி.டி. மாஸ்டர், இவளுடைய பள்ளிக்காரர்கூட இல்லை, "நெஞ்சை நீட்டியிருந்தா மூணாவதும்மா. பி.டி. உஷாவே அப்படித்தான விட்டாங்க" என்றார். ஆறுதலாகத்தான் சொன்னார்.

இந்த வாக்கியத்தை நானும் என் பள்ளிக்கூடத்தில் கேட்டிருக்கிறேன். எங்கள் காலத்தில் கொஞ்சம் வேகமாக ஓடுகிற எந்தப் பெண்ணுக்கும் பட்டப்பெயர் பி.டி. உஷாதான். அதோடு சேர்ந்தே அந்தக் கதையும் வரும்: நெஞ்சை நீட்டவில்லை, விநாடியில் நூறில் ஒரு பங்கில் வெண்கலம் போச்சு. நாற்பது வருஷமாகச் சொல்லப்படும் கதை. உண்மையா என்று யாரும் கணக்குப் போட்டுப் பார்த்த மாதிரி தெரியவில்லை. நான் படித்தது பி.இ., பார்ப்பது மென்பொருள் வேலை, உயிர்இயக்கவியல் என் துறை இல்லை. ஆனால் இந்தக் கணக்குக்குத் தேவைப்படுவது பன்னிரண்டாம் வகுப்பு இயற்பியலும் கொஞ்சம் பொறுமையும்தான்.

முதலில் நடந்தது. 1984 ஆகஸ்ட் 8, லாஸ் ஏஞ்சலஸ். பெண்கள் 400 மீட்டர் தடை ஓட்டம் ஒலிம்பிக்கில் அந்த வருஷம்தான் முதன்முறையாகச் சேர்க்கப்பட்டது. இறுதிப் போட்டியில் மொராக்கோவின் நவால் எல் முதவக்கில் 54.61 விநாடியில் முதலிடம். அமெரிக்காவின் ஜூடி பிரவுன் 55.20. மூன்றாவது ருமேனியாவின் கிறிஸ்டியானா கொஜோகாரு, 55.41. நான்காவது உஷா, 55.42. அப்போது அவருக்கு வயது 20.

நாம் இங்கேயே நிறுத்திவிடுகிறோம். அடுத்த வரியையும் பாருங்கள். ஐந்தாவது ஸ்வீடனின் ஆன்-லூயிஸ் ஸ்கோக்லுண்ட், 55.43. 1982இல் ஐரோப்பிய சாம்பியன் ஆனவர் அவர். அவருக்கும் வெண்கலத்துக்கும் நடுவில் இருந்தது நூறில் இரண்டே பங்கு. மூன்று பேர் நூறில் இரண்டு பங்கு இடைவெளிக்குள் கோட்டைக் கடந்திருக்கிறார்கள். இந்தியாவில் எத்தனை பேருக்கு அந்தப் பெயர் தெரியும்? எனக்கும் இந்தக் கணக்கில் இறங்கும் வரை தெரியாது.

சரி, நூறில் ஒரு விநாடி என்றால் எவ்வளவு தூரம்? 400ஐ 55.42ஆல் வகுத்தால் சராசரி வேகம் விநாடிக்கு 7.2 மீட்டர். அப்படியானால் 0.01 விநாடியில் 7.2 செ.மீ. கடைசியில் வேகம் சராசரியைவிடக் குறைவாகத்தான் இருக்கும், அதனால் 6.5 செ.மீ. என்று வைத்துக்கொள்ளலாம். கட்டைவிரல் ஒன்றின் நீளம்.

இந்த இடத்தில் ஒரு மென்பொருள்காரனுக்கு மட்டும் உறுத்தும் விஷயம் ஒன்று இருக்கிறது. தடகள விதிப்படி போட்டோ ஃபினிஷில் படிக்கும் நேரத்தை வழக்கமான முறையில் முழுமையாக்குவதில்லை. எப்போதும் மேல்நோக்கித்தான். 55.411 என்றாலும் 55.42, 55.419 என்றாலும் 55.42. எங்கள் பாஷையில் ரவுண்ட் இல்லை, சீலிங் ஃபங்ஷன். எனவே 55.41க்கும் 55.42க்கும் உள்ள உண்மையான இடைவெளி நூறில் ஒன்றாக இருக்க வேண்டிய கட்டாயமே இல்லை. ஆயிரத்தில் ஒன்றாகவும் இருக்கலாம், கிட்டத்தட்ட ஆயிரத்தில் இருபதாகவும் இருக்கலாம். தூரத்தில் சொன்னால் அரை சென்டிமீட்டரில் இருந்து 13 சென்டிமீட்டர் வரை. நாடே நினைவில் வைத்திருக்கும் அந்த 0.01 ஓர் அளவு என்பதைவிட ஒரு பெட்டி என்பதே சரி. பெட்டிக்குள் எங்கே இருந்தார் என்பது பலகையில் வராது.

யார் முன்னால் என்பதை நடுவர்கள் பலகையில் வந்த எண்ணை வைத்து முடிவு செய்வதில்லை, படத்தை வைத்துத்தான் செய்கிறார்கள். அந்தப் படமே ஒரு விநோதம். அக்காலத்து போட்டோ ஃபினிஷ் கேமராவில் வழக்கமான ஷட்டர் கிடையாது. முடிவுக்கோட்டை மட்டும் பார்த்துக்கொண்டிருக்கும் ஒரு மெல்லிய செங்குத்துப் பிளவு, அதன் பின்னால் ஒரே சீராக ஓடும் பிலிம். பிளவு எப்போதும் ஒரே இடத்தைத்தான் பார்க்கிறது. எனவே படத்தில் இடமிருந்து வலமாக இருப்பது தூரம் இல்லை, நேரம். ஒரு ஓட்டக்காரரின் மூக்கு ஒரு கணம், நெஞ்சு அடுத்த கணம், பின்னங்கால் அதற்கும் பிறகு. கோட்டின் மீதே பாதம் ஊன்றிவிட்டால் அது தரையோடு நிற்கும் அத்தனை நேரமும் பதிவாகி, படத்தில் படகு மாதிரி நீண்டு தெரியும். தலை, கை, கால் எதுவும் கணக்கில் இல்லை. உடற்பகுதி, அதாவது கழுத்துக்குக் கீழே உள்ள நடுவுடல், கோட்டின் விளிம்பைத் தொடும் கணம்தான் கணக்கு. பி.டி. மாஸ்டர்களின் "நெஞ்சை நீட்டு" வேதம் பிறந்தது இந்த விதியில் இருந்துதான்.

என் மகளின் ஓட்டத்தை நான் போனில் எடுத்திருந்தேன். விநாடிக்கு 30 பிரேம். ஒரு பிரேமில் அந்தப் பெண்ணும் இவளும் கோட்டுக்கு முன்னால், அடுத்ததில் இருவரும் கோட்டுக்குப் பின்னால். நடுவில் 33 மில்லி விநாடி, 20 செ.மீ. தூரம். நடந்தது அத்தனையும் அந்த இரண்டு பிரேமுக்கு நடுவில் ஒளிந்துகொண்டது.

நெஞ்சை நீட்டினால் எவ்வளவு கிடைக்கும்? இடுப்பில் இருந்து தோள் வரை அரை மீட்டர் என்று வையுங்கள். ஓடும்போது 10 டிகிரி முன்சாய்வு இருக்கும், தோள் இடுப்பைவிட 9 செ.மீ. முன்னால். கடைசி எட்டில் 45 டிகிரிக்குக் குனிந்தால் 35 செ.மீ. முன்னால். லாபம் 26 செ.மீ. ஆனால் இது முழுசாகக் கைக்கு வராது. காலை உதைத்து எழும்பிய பிறகு உடலின் நிறை மையம் எங்கே போகும் என்பது முடிவாகிவிட்டது, கல்லெறிந்த மாதிரி. காற்றில் இருந்துகொண்டு அதை ஒரு மில்லிமீட்டர்கூட முன்னால் தள்ள முடியாது. மேலுடலை முன்னே எறிந்தால் இடுப்பு பின்னே போகும், நியூட்டன் விடமாட்டார். நல்ல ஓட்டக்காரர்கள் குனியும்போது இரண்டு கைகளையும் பின்னுக்கு வீசுவது இதனால்தான். பின்னே போக வேண்டிய பங்கில் ஒரு பகுதியைக் கை ஏற்றுக்கொள்கிறது. இடுப்பு பின்வாங்குவதைக் கழித்தால் நிகரமாகச் சுமார் 15 செ.மீ. மிஞ்சுகிறது. நேரத்தில் நூறில் இரண்டு.

ஆக, பி.டி. மாஸ்டர் சொன்னது இயற்பியல்படி தப்பில்லை. குனிவின் மதிப்பு அந்த நூறில் ஒன்றைவிடப் பெரியது. ஆனால் மற்றவர்களும் குனிவார்கள் அல்லவா? வித்தியாசம்தான் கணக்கு. இன்னொரு பிரச்சினை, குனிவு ஒரு கணத்துக்கு மட்டுமே லாபம். கோட்டுக்கு ஒரு மீட்டர் முன்பே குனிந்தால் அடுத்த கால் சரியாக விழாது, வேகம் உடையும். இதைப் பரிசோதிக்க ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டுக்குப் பக்கத்து மைதானத்தில் சுண்ணாம்புக் கோடு போட்டு மகளைப் பத்து தடவை ஓடவிட்டேன். இந்த முறை போனில் ஸ்லோமோஷன், விநாடிக்கு 240 பிரேம். குனிவு சரியாக அமைந்த தடவைகளில் சராசரியாக 11 செ.மீ. கிடைத்தது. பத்தில் மூன்று தடவை முன்பே குனிந்துவிட்டாள், அதில் ஒரு தடவை விழவும் தெரிந்தாள். எதிரில் போட்டிக்கு ஆளே இல்லாமல், நான் மட்டும் நின்று பார்த்துக்கொண்டிருந்த இடத்திலேயே இப்படி.

உஷாவுக்கு நடந்ததற்குச் சொல்லப்படும் காரணம் குனிவு மட்டும் இல்லை. அந்த இறுதிப் போட்டியில் ஒரு ஃபால்ஸ் ஸ்டார்ட் ஆனது, திரும்பத் தொடங்க வேண்டியிருந்தது, முதல் தடவை அவருக்கு நன்றாகக் கிடைத்த தொடக்கம் வீணானது என்பார்கள். துப்பாக்கிச் சத்தத்துக்கு ஓட்டக்காரர்கள் எதிர்வினை செய்யும் நேரம் 0.15இல் இருந்து 0.2 விநாடி வரை ஊசலாடும். ஒரே ஆளுக்கு இரண்டு தொடக்கங்களுக்கு இடையில் நூறில் மூன்று நான்கு மாறுவது சகஜம். இதுவும் நூறில் ஒன்றைவிடப் பெரியது. இன்னொன்று வேண்டுமா? டிராக் அளவில் 400 மீட்டருக்கு 4 செ.மீ. வரை கூடுதலாக இருக்க விதியே அனுமதிக்கிறது, குறையத்தான் கூடாது. 4 செ.மீ. என்பது ஆயிரத்தில் ஆறு விநாடி. நாம் தேடும் பொருளில் பாதிக்கும் மேல்.

பிறகு கஞ்சி. இது உஷாவே பின்னாளில் பேட்டியில் சொன்னது. ஒலிம்பிக் கிராமத்தில் நம் சாப்பாடு கிடையாது, அரிசிக் கஞ்சியும் கடுமாங்காய் ஊறுகாயும்தான் சாப்பிட்டேன், கடைசி 35 மீட்டரில் தெம்பு இல்லாமல் போனதற்கு அதுவும் காரணம் என்றார். முதல் தடை வரை உள்ள 45 மீட்டரைத் திட்டமிட்டபடி 6.2 விநாடியில் கடந்ததாகவும் சொல்லியிருக்கிறார். பத்திரிகைகள் ஊறுகாயைத் தலைப்பாக்கின. எனக்கு அந்த 6.2தான் புதையலாகத் தெரிந்தது. ஏன் என்று சொல்வதற்குக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

ஓட்டத்தைச் சமன்பாடாக முதலில் எழுதியவர்களில் முக்கியமானவர் ஆர்ச்சிபால்ட் விவியன் ஹில். தசை வெப்பம் பற்றிய ஆராய்ச்சிக்காக 1922ஆம் ஆண்டுக்கான நோபல் பரிசு பெற்ற ஆங்கிலேயர். 1927இல் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்துக்குப் போனபோது, ஓட்டக்காரர்களின் உடம்பில் காந்தமாக்கிய எஃகுத் தகட்டைக் கட்டி, ஓடுபாதை ஓரமாகக் குறிப்பிட்ட இடைவெளிகளில் கம்பிச் சுருள்களை நிறுத்தினார். ஆள் கடக்கும்போது சுருளில் சின்னதாக மின்சாரம் தோன்றும், அதைப் பதிவு செய்தார். கம்ப்யூட்டர் இல்லாத காலத்தில் விநாடியின் நுண்பங்குகளைப் பிடித்த விதம் அது. (இதே ஹில் 1943 கடைசியில் இந்தியா வந்து, இங்கே அறிவியல் ஆராய்ச்சியை எப்படி ஒழுங்கமைக்கலாம் என்று அறிக்கை தந்தார். அகில இந்திய அளவில் ஒரு மருத்துவ மையம் வேண்டும் என்ற யோசனையும் அதில் இருந்தது. ஆள் ஓட்டத்தோடு நிற்கவில்லை.)

ஃபுருசாவா, பார்க்கின்சன் இருவரோடும் சேர்ந்து ஹில் கண்டது எளிமையானது. ஓட்டக்காரர் தன்னைத் தள்ளும் விசை ஏறக்குறைய மாறாதது. எதிர்ப்போ வேகத்துக்கு நேர்விகிதமானது, அது பெரும்பாலும் காற்றால் வருவதல்ல, உடம்புக்குள்ளேயே எழுவது. இரண்டும் சமமாகும் இடத்தில் வேகம் நிலைக்கிறது. காரின் மீட்டர் முள் விறுவிறுவென்று ஏறிப் பிறகு மெதுவாகி நிற்கிற மாதிரி. அந்தச் சமன்பாட்டைத் தீர்த்தால் ஓர் அழகான முடிவு வருகிறது. முழு வேகத்தை எட்டிய ஓட்டக்காரர் எந்த இடத்தில் இருப்பார் என்றால், தொடக்கத்தில் இருந்தே முழு வேகத்தில் ஓடியவர், ஆனால் ஒரு விநாடி தாமதமாகக் கிளம்பியவர் எங்கே இருப்பாரோ அங்கே. அந்தத் தாமதம் ஆளுக்கு ஆள் கொஞ்சம் மாறும். 1973இல் ஜோசப் கெல்லர் என்ற அமெரிக்கக் கணிதவியலாளர் உலக சாதனைகளில் இருந்து கணக்கிட்ட மதிப்பு 0.892 விநாடி.

இப்போது உஷாவின் 6.2ஐ எடுங்கள். எதிர்வினைக்கு 0.2 போகட்டும், ஹில்லின் தாமதத்துக்கு ஒரு விநாடி போகட்டும். மிச்சம் 5 விநாடியில் 45 மீட்டர். முதல் தடையை நெருங்கும்போது அவர் வேகம் விநாடிக்கு 9 மீட்டர். மீதி 355 மீட்டருக்கு ஆன நேரம் 49.22 விநாடி, சராசரி 7.2. அந்த 6.2 கைக் கடிகார அளவு என்று சந்தேகப்பட்டு 6.4 ஆக்கிப் பார்த்தேன். 8.7, 7.2. கதை மாறவில்லை. ஒன்பதில் தொடங்கி, பத்துத் தடைகளில் சிறிது சிறிதாக நேரம் இழந்து, சீராக வேகம் இறங்கியிருந்தால் கடைசியில் 6.5க்குப் பக்கத்தில் முடியும். கால் பங்குக்கும் மேல் வேகம் கரைந்திருக்கிறது. 'கடைசி 35 மீட்டரில் தெம்பு இல்லை' என்று அவர் சொன்னதற்கு எண் வடிவம் இதுதான்.

கெல்லர் இதற்கு மேல் ஒரு படி போனவர். உடம்பில் சேமித்துள்ள ஆற்றல் இவ்வளவு, மூச்சில் வரும் ஆக்சிஜனால் விநாடிக்கு இவ்வளவு சேர்கிறது என்று ஒரு வரவு செலவுக் கணக்கையும் ஹில்லின் சமன்பாட்டோடு சேர்த்து, குறைந்த நேரத்தில் முடிக்க எப்படி ஓட வேண்டும் என்று கேட்டார். விடை: 291 மீட்டருக்குள் என்றால் முழு மூச்சாக ஓடு. அதற்கு மேல் என்றால் ஓரிரு விநாடி வேகமெடுத்து, பிறகு ஒரே வேகத்தில் போ, கடைசி ஓரிரு விநாடியில் மட்டும் ஆற்றல் தீர்ந்து வேகம் குறையட்டும். 400 மீட்டர் இந்த எல்லைக்கு அந்தப் பக்கம் இருக்கிறது. கெல்லர் சொற்படி 9இல் தொடங்கி 6.5இல் முடிப்பது வீண் செலவு.

உடனே "பார், வேகமாகக் கிளம்பியதுதான் தப்பு" என்று எழுத எனக்கும் கை துறுதுறுத்தது. நிறுத்திவிட்டேன். 400 மீட்டர் ஓடுகிற உலகத் தரமான யாரும் கெல்லர் சொன்னபடி ஓடுவதில்லை. எல்லோரும் வேகமாகத் தொடங்கி இறங்கிக்கொண்டேதான் முடிக்கிறார்கள். மூச்சில் வரும் ஆக்சிஜன் முதல் விநாடியிலேயே முழு அளவில் வருவதாக அவர் வைத்துக்கொண்டதுதான் கோளாறு. அது ஏறுவதற்கு நேரம் பிடிக்கும், களைக்கும்போது இறங்கவும் செய்யும். அமான்டீன் அஃப்தாலியோன் என்ற பிரெஞ்சுக் கணிதவியலாளரும் அவருடன் சேர்ந்தவர்களும் 2014இல் இருந்து எழுதிவரும் கட்டுரைகளில் இதைத் திருத்திய பிறகு, வேகமாகத் தொடங்கி இறங்குவதே சரியான உத்தியாகச் சமன்பாட்டில் இருந்தே வருகிறது. ஓட்டக்காரர்களின் கால்களுக்குத் தெரிந்தது கணிதத்துக்குத் தெரிய நாற்பது வருஷம் ஆகியிருக்கிறது.

கஞ்சிக் கணக்கையும் போட்டுவிடுவோம். கெல்லரின் எண்களை 50 கிலோ உடம்புக்குப் போட்டால் 55 விநாடிக்குச் செலவாகும் ஆற்றல் சுமார் 56 கிலோகலோரி. தசை இதைப்போல மூன்று மடங்கைச் சூடாக வீணாக்கும் என்று வைத்தாலும் மொத்தம் 225. கெட்டியான ஒரு பெரிய கிண்ணம் கஞ்சியிலேயே அது இருக்கும். ஒரு ஓட்டத்துக்கான எரிபொருள் கஞ்சியால் தீர்ந்துபோகாது. ஆனால் அடுத்தடுத்து ஹீட், அரையிறுதி, இறுதி என்று ஓடும் உடம்பு நாள் கணக்கில் புரதம் இல்லாமல் ஓய்ந்து தேறுவது வேறு விஷயம். அதைக் கலோரியில் அளக்க முடியாது. பத்து எட்டில் ஓர் எட்டு ஒரு செ.மீ. குறைவாக விழுந்தாலே போதும்.

தடை ஓட்டத்தில் எட்டு என்பது சும்மா இல்லை. பெண்களுக்கு 76.2 செ.மீ. உயரத்தில் பத்துத் தடைகள். முதல் தடை வரை 45 மீட்டர், அதன்பின் தடைக்குத் தடை 35 மீட்டர், கடைசியில் 40. தாவுவதற்கும் இறங்குவதற்கும் சுமார் 3 மீட்டர் போனால் ஓடக் கிடைப்பது 32. அதை 15 எட்டில் கடந்தால் எட்டுக்கு 2.13 மீட்டர், 17 என்றால் 1.88. ஒற்றைப்படை எண் என்றால் எப்போதும் ஒரே கால் முன்னால் தாவும். வளைவில் இடது கால் முன்னே போவது வசதி. நடு லேனில் வளைவின் ஆரம் கிட்டத்தட்ட 41 மீட்டர். 7.2 மீட்டர் வேகத்துக்கு உடம்பு ஏழு டிகிரி உள்பக்கமாகச் சாய வேண்டும். சாய்ந்த உடம்போடு வலது காலை முன்னே வீசினால், பின்னால் வரும் இடது கால் தடையின் உள்பக்கத்துக்கு வெளியே சுற்றிப் போய்த் தகுதி இழக்கும் அபாயமும் உண்டு. களைப்பில் எட்டு சுருங்கும்போது 15 நடுவழியில் பதினைந்தே காலாகாது. 16 ஆக்க வேண்டும், அதற்கு மறு காலால் தாவத் தெரிய வேண்டும். இல்லை 17க்குப் போக வேண்டும், அப்போது எட்டைக் குறுக்கித் திணற வேண்டும். வேகம் தொடர்ச்சியாகக் குறையும், எட்டின் எண்ணிக்கையோ படிப்படியாகத்தான் மாறும். தடை ஓட்டத்தின் முழுத் துன்பமும் இந்த இடைவெளியில்தான் இருக்கிறது.

மொத்தம் எத்தனை எட்டு? முதல் தடைக்கு 24, நடுவில் ஒன்பது இடைவெளிக்கு 16 வீதம் 144, கடைசியில் 20. உத்தேசமாக 190. தொலைந்துபோன 7.2 செ.மீ.ஐ இந்த 190க்குப் பங்கிட்டால் எட்டுக்கு 0.4 மில்லிமீட்டர் கூட வராது. நாலு தாள் கனம். இல்லை, கடைசி 40 மீட்டரில் மட்டும் தேடினாலும், விநாடிக்கு ஒரு சென்டிமீட்டர் கூடுதல் வேகம் இருந்தால் போதும்: 6.50க்குப் பதில் 6.51.

இதுவரை தேடியதில் எனக்குக் கிடைத்த விடை இவ்வளவுதான். குனிவு, தொடக்கம், சாப்பாடு, எட்டு எண்ணிக்கை, டிராக் அளவு, நேரத்தை மேல்நோக்கி முழுமையாக்கும் விதி என எதை எடுத்தாலும் தனியாகவே நூறில் ஒன்றையோ அதில் பாதிக்கு மேலோ விழுங்கும் அளவுக்குப் பெரியது. ஆறு பேர் மீதும் சந்தேகம், ஆறு பேருக்கும் குற்றம் செய்யும் வசதி இருந்தது. ஒருவரை மட்டும் கூண்டில் ஏற்ற ஆதாரம் இல்லை. அதிலும் 'நெஞ்சை நீட்டவில்லை' என்பதை மட்டும் ஏன் நாம் தேர்ந்தெடுத்தோம்? அது கடைசியில் நடந்தது, கண்ணுக்குத் தெரிந்தது, ஓடியவரின் தலையிலேயே போடக்கூடியது. 35 மீட்டருக்கு எட்டு எண்ணத் தெரியாதவர்களுக்கும் சொல்ல எளிது.

ஒன்றைச் சொல்லாமல் விட மனசில்லை. உஷாவும் பயிற்சியாளர் ஓ.எம். நம்பியாரும் பய்யோலி கடற்கரை மணலில் பயிற்சி செய்தவர்கள். மணலில் ஓட எவ்வளவு ஆற்றல் கூடுதலாகும் என்று பெல்ஜியத்தில் அளந்து 1998இல் வெளியிட்டார்கள்: கெட்டித் தரையைப்போல 1.6 மடங்கு. கால் ஊன்றும்போது தசைநாண் சுருள்வில் மாதிரி ஆற்றலைச் சேமித்து, எழும்பும்போது திருப்பித் தரும். மணல் நடுவில் புகுந்து அதில் ஒரு பங்கைத் தின்றுவிடும். வலு ஏற நல்ல பயிற்சிதான். ஆனால் செயற்கை டிராக்கில் 2.13 மீட்டர் எட்டைக் கண்ணை மூடிக்கொண்டு போடும் பழக்கம் மணலில் வராது. அந்த மணலில் இருந்து கிளம்பி, உலக அளவில் அப்போதுதான் ஒலிம்பிக்குக்குள் நுழைந்த ஒரு போட்டியில், ஐரோப்பிய சாம்பியனைப் பின்னால் தள்ளி வந்த ஓட்டம் அது. நாம் அதை 'விட்டுட்டாங்க' என்கிறோம்.

அந்த 55.42 தேசிய சாதனையாக 39 வருஷம் நின்றது. 2023 செப்டம்பர் 11, சண்டிகரில் நடந்த இந்தியன் கிராண்ட் பிரீ போட்டியில் நம்ம கோயம்புத்தூர் வித்யா ராம்ராஜ் ஓடிய நேரம் 55.43. மறுபடியும் அதே நூறில் ஒன்று! மூன்று வாரம் கழித்து, அக்டோபர் 2, ஹாங்சோ ஆசிய விளையாட்டு, ஹீட். 55.42. பலகையில் இரண்டும் சமம், சாதனைப் பட்டியலில் இரண்டு பெயர்கள். அந்த 55.42 பெட்டிக்குள் யார் எந்த மூலையில் இருந்தார்கள் என்று பட்டியல் சொல்லாது.

மறுநாள் இறுதிப் போட்டி. பஹ்ரைனின் கெமி அடெகோயா 54.45, சீனாவின் மோ ஜியாடி 55.01, மூன்றாவது வித்யா, 55.68.

இதை மகளிடம் காட்டினேன். கொஞ்ச நேரம் திரையையே பார்த்தாள்.

"அப்போ 55.42க்கு நாலாவது, 55.68க்கு வெண்கலமாப்பா?"

"வேற வேற போட்டிம்மா. கூட ஓடினவங்க வேற."

"அந்த ஸ்வீடன் அக்கா பேர் என்ன சொன்னீங்க?"

சொன்னேன். இரண்டு தடவை சொல்ல வேண்டியிருந்தது. வரும் ஞாயிற்றுக்கிழமை மைதானத்தில் 35 மீட்டர் அளந்து கோடு போடுவதாக இருக்கிறோம். தடைக்குப் பதில் இரண்டு அட்டைப்பெட்டி. எத்தனை எட்டு வருகிறது என்று அவள் எண்ணுவாள், நான் போனைப் பிடிப்பேன்.